இருபத்தேழாம் நம்பர்

விடிகாலை ஐந்தரை மணிக்கு, ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு ஓய்ந்தது. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் லயத்து வீடுகளிலிருந்து இறங்கி, பேர் கொடுக்க ஆபீசுப் பக்கம் நடந்தார்கள். இருளாயி அவர்களோடு போகவில்லை. அப்பாவு கடையின் பலகைக் கதவை உள்ளங்கையால் அடித்தாள்.

"யாரு?"

"இருளாயி. கதவைத் தொற."

"கடை ஆறு மணிக்கு."

"நான் சாமான் வாங்க வரல."

உள்ளே சத்தம் நின்றது. மறுபடி அடித்தாள். அப்பாவு ஒரு பலகையை மட்டும் விலக்கி முகத்தைக் காட்டினான்.

"பெரட்டுக்குப் போகலையா? கங்காணி பேரை வெட்டிருவான்."

"வெட்டட்டும். எனக்கு ஏன் வெள்ளைப் புடவை கட்டிக் குடுத்த?"

முந்தின நாள் ஞாயிறு. ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் அவள் தம்பி அர்ச்சுனனுக்குப் பரிசம். பெண், வீரம்மாவின் மகள் பாப்பா. தட்டுகளை வைத்தார்கள். வெற்றிலை மாற்றினார்கள். அர்ச்சுனனுக்குத் தாய் இல்லை. மூத்தவள் என்று இருளாயிதான் புடவைப் பாசலின் கயிற்றை அறுத்தாள். காகிதத்துக்குள் வெள்ளைப் புடவை இருந்தது. கரை இல்லை. பூ இல்லை. தாலி அறுத்தவளுக்குக் கொடுக்கிற புடவை.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

பேசுவதற்குக் காரணம் இருந்தது. இருளாயிக்கு மாரியம்மா என்று ஒரு மகள். தாய்மாமன் அர்ச்சுனனுக்கு அவள்தான் முறை என்று இரண்டு தோட்டத்துக்கும் தெரியும். இருளாயி கேட்டாள். அர்ச்சுனன் மாட்டேன் என்றான். அவள் இரண்டு மாதம் தம்பிக்குச் சோறு போடவில்லை. பிறகு போட்டாள். புடவைக்கும் அவளே சொல்லி வைத்தாள்.

"வேணும்னே கொண்டாந்திருக்கா," என்று வீரம்மா கத்தினாள். "என் மக அறுத்துட்டு நிக்கணும்னு கொண்டாந்திருக்கா." நாளைக்கு விளக்கு வைப்பதற்குள் வெற்றிலையைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாள். அர்ச்சுனன் அக்காவைப் பார்த்தான். அவளோடு திரும்பி வரவில்லை.

அப்பாவு இன்னும் ஒரு பலகையை எடுத்தான்.

"நான் எங்க வெள்ளை குடுத்தேன்? நீ இருபத்தேழு கேட்ட. இருபத்தேழு வாங்கிக் குடுத்தேன்."

சுவரில் மாதிரி அட்டை தொங்கியது. ஈப்போத் துணிக் கம்பெனி கொடுத்தது. வரிசை வரிசையாகக் கட்டை விரல் அகலத் துணித் துண்டுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு நம்பர். கம்பெனியில் இதே போல் ஒரு அட்டை உண்டு. பெண்கள் இங்கே தொட்டுப் பார்த்து நம்பர் சொல்வார்கள். அப்பாவு நம்பரை எழுதி அனுப்புவான். பாசல் ரயிலில் வரும். இருபத்தேழு சிவப்பு, மஞ்சள் கரை. நாலைந்து வருடமாக இந்தப் பக்கத்துக் கல்யாணப் பெண்கள் எல்லாரும் அதைத்தான் கட்டினார்கள். புடவைக்கே அதுதான் பேர். இருபத்தேழு எடுத்தாச்சா என்று கேட்டால் கல்யாணம் நிச்சயமா என்று அர்த்தம்.

"பாசல் மேல என்ன நம்பர் இருந்துச்சு?" என்றான் அப்பாவு.

"எனக்கு எழுத்து தெரியாது."

"இருபத்தேழு. என் கண்ணால பாத்தேன்."

"உள்ள பாத்தியா?"

"பரிசப் பாசலை நான் பிரிச்சா நீ வாங்குவியா?"

வாங்கமாட்டாள். பெண் வீட்டுப் பாயில்தான் அதைப் பிரிக்க வேண்டும். வழியில் பிரித்தால் கண் பட்டது, கை பட்டது என்பார்கள். கடைக்காரன் பிரிக்கவில்லை. அவளும் பிரிக்கவில்லை. நம்பரை நம்பி மூன்று நாள் சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள்.

"அப்ப கம்பெனிதான் மாத்திக் குடுத்திருக்கு," என்றாள். "வா, ஈப்போ போலாம்."

"எனக்குக் கடை இருக்குலா. நீ போ."

"நீ வராட்டி இந்த வாசல்ல உக்காந்துக்குவேன். வர்ற பொம்பள ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லுவேன், இவன்கிட்ட நல்ல காரியத்துக்குத் துணி வாங்காதன்னு. அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரி எல்லாம் ஏற்கெனவே என்னைப் பாத்துத் துப்புறாங்க. உன்னையும் துப்பட்டும்."

"சூசா புடிச்ச பொம்பள, ஒரே தொல்லை," என்றான் அப்பாவு. சட்டையை எடுக்க உள்ளே போனான்.

சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினான். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெளியே ரப்பர் மரங்கள் ஓடின. ரப்பருக்கு நல்ல விலை இருந்த காலம். காடு வெட்டிய இடத்திலெல்லாம் கன்று நட்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத," என்றான் அப்பாவு. "வெள்ளைப் புடவையை நீயே எங்கயாவது வாங்கி உள்ள வச்சியா?"

இருளாயி பாக்கை வெளியே துப்பினாள்.

"வச்சிருந்தா உன்னை ஏன் இழுத்துக்கிட்டுப் போறேன்?"

"அதுக்குத்தான் இழுத்துக்கிட்டுப் போறியோ என்னமோ. ஊரு நம்பணும்ல."

"இன்னொரு தரம் சொன்னா உன்னை இங்கயே தள்ளிவிட்டுருவேன்."

அப்பாவு ஜன்னலை விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

கம்பெனி பெல்பீல்டு தெருவில் இருந்தது. கீழே துணிக் கிடங்கு. ஒரு பக்கம் மேசை போட்டு அருளம்பலம் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக் கோட்டு, நெற்றியில் கொஞ்சமாகத் திருநீறு. தோட்டக் கடைகள் எழுதிக் கேட்கிற துணியெல்லாம் அவர் கையால்தான் போகும். அப்பாவுவைப் பார்த்துத் தலையசைத்தார். இருளாயியைப் பார்க்கவில்லை.

"கிராணியாரே, இருபத்தேழு கேட்டேன். வெள்ளை வந்திருக்கு," என்றான் அப்பாவு.

"ஓம். இருபத்தேழு வெள்ளைதான்."

"இருபத்தேழு சிவப்பு, ஐயா," என்றாள் இருளாயி.

"ஆர் இந்தப் பொம்பிளை?"

"புடவை வாங்கினவ," என்றான் அப்பாவு.

அருளம்பலம் எழுந்து சுவரிலிருந்து ஓர் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். புது அட்டை. இருபத்தேழு என்ற நம்பருக்கு மேல் வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. விரலை இரண்டு வரிசை கீழே இறக்கினார்.

"சிவப்பு இப்ப அறுபத்தொண்டு. தையிலையிருந்து."

"எதுக்கு மாத்தினீங்க?" என்றாள் இருளாயி.

அவர் அப்பாவுவைப் பார்த்துப் பதில் சொன்னார். முன்பு கப்பலில் வந்த வரிசையில் நம்பர் போட்டார்கள். மதராசில் துணி அனுப்புகிறவர்கள் இரண்டு பேர். ஒருவனுடைய இருபத்தேழு இன்னொருவனுக்கு நாற்பது. கம்பெனிக்கு வேறு. தெலுக் இந்தான் கடைக்குப் போக வேண்டிய துணி பாரிட் புந்தாருக்குப் போனது. அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். வெள்ளை இருபதுகளில், கட்டம் நாற்பதுகளில், சிவப்பு அறுபதுகளில்.

"ஒரு துணிக்கு ஒரு நம்பர். மதராசிலும் அதுதான், இங்கையும் அதுதான், கடையிலும் அதுதான். துரையே நல்ல வேலை எண்டு சொன்னவர்."

"கடையில அது இல்லையே," என்றாள் இருளாயி.

"அது கடைக்காரன்ரை பிழை. தைமாதச் சரக்கோடை எல்லாக் கடைக்கும் புது அட்டை அனுப்பினனான். பழைய அட்டையைக் கிழிச்சுப் போடச் சொல்லித் தாளும் வைச்சனான். மற்றக் கடைக்காரர் எல்லாருக்கும் விளங்கினது."

"எனக்கு ஒண்ணும் வரல," என்றான் அப்பாவு.

"உமக்கும் வந்தது. நானே சரக்குக்கு மேலை வைச்சுக் கட்டினனான். பெரிய அட்டை."

"எவ்வளவு பெருசு?"

அருளம்பலம் மேசையில் கிடந்ததைத் தட்டினார். "இவ்வளவு."

அப்பாவு அட்டையைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

"என்ன?" என்றாள் இருளாயி.

"மிளகாய்த் தகரத்துக்கு மூடி இல்லாம இருந்துச்சு," என்றான் அப்பாவு.

"அடப் பாவி."

"பழைய அட்டை நல்லாத்தானே இருந்துச்சு! அதுல துண்டெல்லாம் பெருசு. பொம்பளைங்களுக்கு அந்த நம்பர்தான் வாயில வரும். நாளைக்கு எவளாவது வந்து அறுபத்தொண்ணு குடுன்னு கேப்பாளா? கூட ஒரு தாள் இருந்துச்சு. இங்கிலீசு. அதுல வெல்லம் கட்டினேன். தைக்கு அப்புறம் நான் எழுதின மொத நம்பரே இதுதான்."

அருளம்பலம் சிரித்தார். "பாத்தியோ," என்று முதல் தடவையாக இருளாயியிடம் பேசினார். "இப்பிடியான ஆக்களோடை நான் கிடந்து மாயிறன்."

"சிரிக்காதீங்க," என்றான் அப்பாவு. அவன் முகம் கறுத்திருந்தது. "கடைக்காரனுக்குத் தமிழ்ல ஒரு வரி எழுதினா கை ஒடிஞ்சா போகும்? நான் உங்களுக்குத் தமிழ்லதான் எழுதுறேன். இருபத்தேழு, பரிசத்துக்குன்னு எழுதினேன். எழுதினேனா இல்லையா?"

சிரிப்பு நின்றது.

"எழுதினியா?" என்றாள் இருளாயி.

"நல்ல மடிப்பாப் பாத்து அனுப்பட்டும்னு எழுதினேன்."

இருளாயி மேசையை நெருங்கினாள். "நீ அதைப் படிச்சியா?" ஐயா என்ற சொல் போய்விட்டது.

"மரியாதையாக் கதை."

"படிச்சியா?"

"படிச்சனான்."

"உங்க ஊர்ல பரிசத்துக்கு வெள்ளை கட்டுவாங்களா?"

கிடங்கில் துணி மடித்துக்கொண்டிருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அருளம்பலம் அவர்கள் மறுபடி வேலையில் குனியும் வரை காத்திருந்து குரலைத் தாழ்த்தினார்.

"நம்பர் ஒண்டு சொல்லும், பக்கத்திலை எழுதினது வேறை ஒண்டு சொல்லும். எழுதினதைப் பாத்துத் துணி குடுத்தால் பழையபடி குழப்பந்தான். போன வருசம் அப்பிடி ஒருக்கால் சந்தேகத்திலை ஒரு கடைக்குக் கேட்டு எழுதினனான். சரக்கு ஒரு கிழமை பிந்திச்சு. துரை என்னை நிக்க வைச்சுப் பேசினவர். இப்ப நான் நம்பரைத்தான் பாக்கிறது."

"கண்ணைத் தொறந்துக்கிட்டே வெள்ளையைக் கட்டியிருக்க."

"நம்பருக்குக் கட்டினனான்."

"சரி. நீ வந்து அதைச் சொல்லு. வீரம்மாகிட்டயும் என் தம்பிகிட்டயும். விளக்கு வைக்கிறதுக்குள்ள."

"தோட்டத்து லயத்துக்கு வந்து நான் நிக்கிறதோ?"

"நிக்க வேணாம். நாற்காலி போடுறேன்."

"புடவையைக் கொண்டுவா. சிவப்பு மாத்தித் தாறன். அவ்வளவுதான்."

"புடவையை வீரம்மா மூங்கில்ல கட்டி லயத்து வாசல்ல நட்டு வச்சிருக்கா. போறவன் வர்றவனெல்லாம் பாக்குறான். எனக்குப் புடவை வேணாம். நான் செய்யலன்னு ஒரு ஆள் சொல்லணும்."

"அப்ப ஒரு வரி எழுதிக் குடுங்க," என்றான் அப்பாவு.

"கம்பெனியிலை பிழை எண்டு எழுதச் சொல்லுறீர்? என்ரை கையெழுத்திலை?" அருளம்பலம் அட்டையைத் திரும்பச் சுவரில் மாட்டினார். "பிழை உம்முடைய மிளகாய்த் தகரத்திலை கிடக்கு. போம்."

அவர்கள் தெருவில் இறங்கினார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"நீயாவது வந்து சொல்லு," என்றாள் இருளாயி.

"நானா? மூடியாப் போட்டேன்னு நான் போய்ச் சொன்னா, மூணு தோட்டத்துலயும் ஒருத்தி என்கிட்ட ஒரு முழத் துணி வாங்கமாட்டா. அந்தாளு சொல்லாததை நான் மட்டும் எதுக்குச் சொல்லணும்?"

"ரெண்டு பேரும் நல்லா இருங்க."

ரயிலில் அவள் வேறு பலகையில் உட்கார்ந்தாள்.

கடைக்குத் திரும்பியதும் அவள் நேராக உள்ளே போனாள். மிளகாய்த் தகரத்தின் மேல் ஓர் அட்டை கவிழ்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு படிக்கல். கல்லைக் கீழே வைத்துவிட்டு அட்டையைத் திருப்பினாள். துண்டுகள் அப்படியே இருந்தன. ஓரத்தில் மட்டும் மிளகாய்ச் சிவப்பு ஏறியிருந்தது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த பழைய அட்டையை ஆணியோடு பிடுங்கினாள்.

"அதை எடுக்காத! அது இல்லாம நான் எப்படி யாவாரம் பண்றது?"

"புது நம்பரைப் படி."

அவன் பின்னாலேயே வந்தான். ரப்பர் காடு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான். பாலத்தில் நின்றுவிட்டான்.

"இதுக்கு மேல வரமாட்டேன். வீரம்மா கையில பால் வெட்டுற கத்தி இருக்கும்."

"இருந்தா எனக்குத்தான் அது. உனக்கு இல்ல."

அவள் பாலத்தைத் தாண்டினாள்.

வீரம்மா லயத்து வாசலில் மூங்கில் நின்றது. வெள்ளைப் புடவை காற்றில்லாமல் தொங்கியது. வீட்டுக்கு முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். தட்டில் வெற்றிலையும் பாக்கும் திருப்பி அனுப்பத் தயாராக இருந்தன. அர்ச்சுனன் தள்ளி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். கெஞ்சிப் பார்த்துக் களைத்த முகம். பாப்பா உள்ளே இருந்தாள். கதவு சாத்தியிருந்தது.

"வந்துட்டாய்யா," என்றாள் வீரம்மா. "இன்னைக்கு என்ன கொண்டாந்த? நெய்ப் பந்தமா?"

ஒருத்தி சிரித்தாள். இருளாயி பாயை இழுத்துப் போட்டு இரண்டு அட்டைகளையும் வைத்தாள்.

"அர்ச்சுனா, உனக்கு நம்பர் தெரியும். வந்து பாரு."

அவன் ரப்பர் தாள் காய வைக்கும் புகைக்கூட்டில் எடை போடுகிறவன். நம்பர்தான் அவன் வேலை. எழுந்து வரவில்லை.

"நீ எழுந்திரிக்கலன்னா நான் இங்கயே கிடப்பேன். கத்தியால வெட்டட்டும், போகமாட்டேன்."

அவன் வந்து குனிந்தான். பழைய அட்டையில் விரலை வைத்து நம்பரைப் படித்தான். புது அட்டையில் தேடினான். நேரம் ஆனது. எழுந்து போய் மூங்கிலைச் சாய்த்து, புடவையின் ஓரத்தைப் புது அட்டையின் வெள்ளைத் துண்டோடு சேர்த்துப் பிடித்தான். இழை ஒன்றுதான்.

"இதுல இருபத்தேழு சிவப்பு," என்றான். "இதுல இருபத்தேழு வெள்ளை. சிவப்பு அறுபத்தொண்ணுக்குப் போயிருக்கு."

"யாரு மாத்தினது?" என்றாள் வீரம்மா.

"ஈப்போக்காரன் மாத்தினான்," என்றாள் இருளாயி. "கடைக்காரன் புது அட்டையை மாட்டல. பழசைப் பாத்து எழுதினான். ஈப்போக்காரன் புதுசைப் பாத்துக் குடுத்தான்."

"அதை அவனுங்க வந்து சொல்லட்டும்."

"வரமாட்டானுங்க. அதான் இதைக் கொண்டாந்தேன்."

வீரம்மா அட்டையைக் கையில் எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். தும்மினாள். மறுபடி தும்மினாள்.

"என்ன கண்றாவி இது?"

"மிளகாய். மூடியா வச்சிருந்தான்."

யாரோ மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. வீரம்மா மூக்கைத் துடைத்தாள். கதவைப் பார்த்தாள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. பாப்பாவின் கண் தெரிந்தது.

"அம்மா," என்றாள் பாப்பா உள்ளிருந்து. "அட்டையிலதான் இருக்குல்ல."

"நீ வாயை மூடு." வீரம்மா வெற்றிலைத் தட்டைப் பார்த்தாள். "சரி. வெத்தலை இங்கயே இருக்கட்டும். மாப்பிள்ளையே ஈப்போவுக்குப் போயி, கடையிலயே பிரிச்சுப் பாத்துச் சிவப்பு வாங்கியாரட்டும். கண்ணு படட்டும், கை படட்டும், பரவால்ல." இருளாயி பக்கம் திரும்பினாள். "ஆனா இவ கையால வேணாம். இவ அதைத் தொடக்கூடாது. கல்யாணத்துல மேடைப் பக்கம் நிக்கக்கூடாது."

"நான் செய்யலன்னு ஆயிடுச்சுல்ல?" என்றாள் இருளாயி.

"நம்பரு செஞ்சுது. கேட்டேன். நீ போ."

இருளாயி தம்பியைப் பார்த்தாள். அவன் மூங்கிலிலிருந்து புடவையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் இழுத்தான். புடவையைச் சுருட்டி ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு அட்டைகளை எடுத்தான்.

"நான் பாலம் வரைக்கும் விட்டுட்டு வாரேன்," என்றான் வீரம்மாவிடம்.

இருவரும் நடந்தார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். லயங்களில் விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். பாலத்தில் அப்பாவு இல்லை. அர்ச்சுனன் நின்று அட்டைகளை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"சோறு ஆக்கி வைக்கிறேன். ராத்திரி வா," என்றாள்.

அவன் ஆற்றைப் பார்த்தான்.

"நம்பர் மாறினது தெரிஞ்சிருச்சு, அக்கா. நீ மாத்தலன்னும் தெரிஞ்சிருச்சு. ஒண்ணு மட்டும் சொல்லு. கயித்தை அறுத்து அந்த வெள்ளையைப் பாத்தியே, அப்ப உனக்கு மனசுக்குள்ள சந்தோசமா இருந்துச்சா?"